பாதை ஏதும் இல்லை

“மேற்படி புல எண்களில் பாதை ஏதும் இல்லை.” விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனி மக்களுக்காக நாங்கள் கொடுத்த மனுவுக்கு வந்த பதிலில் இருந்த வரி இது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாத அந்தப் பாதையில் நடந்துபோய்ப் பார்த்தேன். காலனியின் கடைசி வீட்டைத் தாண்டினால் ஒரு வேப்பமரம். அங்கிருந்து கழனி வரப்பு, அப்புறம் ஏரிக்கரை. கரையிலிருந்து இறங்கினால் ஓடை. ஓடையைத் தாண்டி ஒரு மேடு ஏறினால் பக்கத்து ஊரின் காலனியும் அதை ஒட்டி உயர்நிலைப் பள்ளியும். இருபத்தைந்து நிமிட நடை. வழி நெடுக, புல் முளைக்காமல் கெட்டிப்பட்டுப் போன ஒரு முழ அகலத் தடம்.

ஓடைக்கு இந்தப் பக்கம் இப்போது கல்தூண் நட்டு முள்கம்பி இழுத்திருக்கிறார்கள். நிலம் கைமாறிவிட்டது, மனை போடப் போகிறார்களாம். கம்பிக்கு அந்தப் பக்கமும் தடம் தெளிவாகத் தெரிகிறது. பிள்ளைகள் கீழ்க்கம்பியைத் தூக்கிப் புத்தகப் பையை முதலில் தள்ளிவிட்டுப் பிறகு நுழைந்து போகிறார்கள். பாவாடை கிழிந்த ஒரு பிள்ளையின் அம்மாதான் எங்களிடம் முதலில் வந்தவர்.

(‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆவணத்திலேயே ஏறாத பாதையை என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.)

மனு கொடுக்கப் போன அன்றைக்கு அலுவலகத்தில் ஒருவர் கேட்டார்: “அதான் ஊர் வழியா தார் ரோடு இருக்கே சார், அதுல போகலாமே. ஏன் அடுத்தவன் நிலத்துல நடக்கணும்?” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு இந்தக் கட்டுரை தேவைப்படுகிறது.

தார்ச்சாலை என்பது பழைய வண்டிப்பாதை. அது ஊர்த்தெருவுக்குள் புகுந்து, கோயிலைச் சுற்றி, ஏரியை மறுபக்கமாக வளைத்துக்கொண்டு போகிறது. சுற்றி வந்தால் நான்கு கிலோமீட்டர் ஆகும். அதனால் எங்கள் பாதைக்கு இன்று குறுக்குவழி என்று பெயர். ஆனால் தூரத்தை மிச்சப்படுத்த யாரும் அதை உண்டாக்கவில்லை. ஊர்த்தெருவில் கால் வைக்காமல் அடுத்த ஊருக்குப் போக உண்டானது அது. எங்கள் தாத்தாக்கள் காலத்தில் ஊர்த்தெருவில் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்க வேண்டும், தோள்துண்டை இடுப்புக்கு இறக்க வேண்டும். அப்பாக்கள் காலத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு தெருவைக் கடக்க இத்தனையும் செய்வதைவிட, சேறானாலும் வரப்பே மேல் என்று நடந்தார்கள். சேரியின் பாதைகள் பலவற்றுக்கும் பிறப்பு இப்படித்தான். தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்துக்கும் போய்ப் பாருங்கள். ஊரின் பாதை நேராகப் போகும். சேரியின் பாதை பின்பக்கமாக, கரையோரமாக, களத்துமேட்டைச் சுற்றிப் போகும்.

பாதைகளின் வரலாறு என்றால் நம் ஆய்வாளர்கள் பெருவழிகளைத்தான் எழுதுவார்கள். ராசகேசரிப் பெருவழி, அதியமான் பெருவழி, காதக் கணக்கு வெட்டிய கல். அவையெல்லாம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அரசனுக்குப் படையும் வணிகனுக்குச் சரக்கும் போன வழி அது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே மனிதர் நடந்த வழிகள் கல்வெட்டில் வருவது பெரும்பாலும் நில எல்லை சொல்லும்போதுதான். இன்ன ஊருக்குப் போகும் வழிக்குத் தெற்கு, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு என்று. யார் நடந்த வழி என்பது அதில் இருக்காது.

ஒரு விஷயம் மட்டும் அழுத்தமாக இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராசராசன் விட்ட ஊர்களின் கணக்கில், வரி விதிக்காமல் கழிக்க வேண்டிய நிலங்களைப் பட்டியல் போடுகிறார்கள். ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி ஆகிய சொற்கள் வருகின்றன. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் பிணம் எரிக்கும் இடமே இரண்டாக இருந்திருக்கிறது. இடம் இரண்டு என்றால் அதற்குப் போகிற வழியும் இரண்டாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். இன்றைய ஊர்களின் அமைப்பு எனக்கு அதைத்தான் சொல்கிறது.

எம்.ஏ. சமூகவியல் படிக்கும்போது கிராம ஆய்வுகள் என்று பல புத்தகங்களைப் படித்தோம். ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்தில் ஸ்ரீபுரம் என்று பெயரிட்டு எழுதிய ஆய்வு அதில் பிரதானம். அவர் அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் தங்கி ஆய்வு செய்தவர். அக்கிரகாரத்தில் தங்கியவர் சேரியில் இயல்பாகப் புழங்க முடியாத நிலையை அவரே எழுதியிருக்கிறார், அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு. ஆனாலும், ஊரின் படத்தை எந்த வாசலில் நின்று வரைகிறோமோ அங்கிருந்து தெரிகிற பாதைதான் படத்தில் வரும். மறுபக்கம், மைக்கேல் மோஃபட் செங்கல்பட்டு மாவட்டத்து எண்டாவூரில் சேரியை மையமாக வைத்தே ஆய்வு செய்து 1979-இல் புத்தகம் போட்டார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் சாதியமைப்பின் மதிப்பீடுகளை உள்ளுக்குள் ஏற்றுக்கொண்டவர்களே, அங்கே ஓர் இசைவு இருக்கிறது என்பது அவர் முடிவு. வகுப்பில் அதைப் படித்தபோது எரிச்சல் மட்டும்தான் வந்தது. அந்த ‘இசைவு’ என்ற சொல் நீதிமன்றத்தில் நமக்கு எதிராக வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு ஊருக்கு நடுவே இருந்த பாதைகளை யார் அதிகம் நடந்தார்கள்? நாம்தான். விருப்பப்பட்டு நடக்கவில்லை, அனுப்பப்பட்டு நடந்தோம். ஊரில் ஒரு சாவு விழுந்தால் சொந்தபந்தங்களுக்குச் சேதி சொல்லச் சேரியிலிருந்துதான் ஆள் போக வேண்டும். தொலைபேசி இல்லாத காலம். ராத்திரி இரண்டு மணியானாலும் எழுப்பி, இன்னார் இறந்துவிட்டார், இன்ன நேரத்துக்கு எடுப்பு, இன்ன இன்ன ஊருக்குப் போ என்று அனுப்புவார்கள். ஐந்தாறு ஊர் நடக்க வேண்டியிருக்கும். போய்ச் சேர்ந்த ஊரிலும் தெருவுக்குள் நேராகப் போக முடியாது. அந்த ஊர்ச் சேரிக்குப் போய், அங்கே ஓர் ஆளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே எட்ட நின்று குரல் கொடுக்க வேண்டும். சேதி சொன்னதற்குக் கொஞ்சம் நெல்லோ சில்லறையோ கிடைக்கும். செத்தவர் வீட்டு வாசலில் பறையடித்து, குழி வெட்டி, காரியம் முடிகிறவரை வேலை தொடரும். இதில் எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாது.

அரசாங்க வேலையும் இப்படித்தான். கிராம ஊழியத்தில் வெட்டியான் என்றும் தோட்டி என்றும் அழைக்கப்பட்டவர்கள் கர்ணத்தின் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓடினார்கள், தாலுகா கச்சேரிக்கு நடந்தார்கள், வரிப்பணம் போகும்போது கூடப் போனார்கள். நிலம் அளக்க ஆள் வந்தால் எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று காட்டியதும், சங்கிலி பிடித்ததும், முள் வெட்டி வழி செய்ததும் அவர்கள்தான். எல்லைத் தகராறு வந்தால் வெட்டியானைக் கேள் என்பார்கள். ஊரின் ஒவ்வொரு வரப்பையும் தடத்தையும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். 1980-இல் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்து கிராம நிர்வாக அலுவலர் வந்தபோது பதிவேடுகள் கைமாறின. தலைக்குள் இருந்த அந்தப் படம் எந்தப் பதிவேட்டுக்கும் மாறவில்லை.

சரி, பதிவேட்டில் என்ன இருக்கிறது? சென்னை மாகாணத்தில் 1858-க்குப் பிறகு ஊர் ஊராக நில அளவை நடந்தது. நோக்கம் வரி. எந்த நிலம் யார் பேரில், எவ்வளவு தீர்வை என்பதற்காக அளந்தார்கள். ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை போன்றவை தனி எண் பெற்று புறம்போக்கு ஆயின. வண்டி போகிற அகலம் இருந்தால் அந்த இடத்தில் சாகுபடி இல்லை, அதைக் கழிக்க வேண்டும். ஒரு முழ அகலத் தடத்தைக் கழித்து என்ன கணக்கு வரப்போகிறது? அதனால் ஒற்றையடிப் பாதை, படத்தில் ஏறினால் பட்டா நிலத்தின் குறுக்கே ஒரு புள்ளிக்கோடாக ஏறியது. அதற்குத் தனி எண் கிடையாது, ‘அ’ பதிவேட்டில் தனி வரி கிடையாது. நிலமும் அதன் மேல் போகும் தடமும் பட்டாதாரர் பேரிலேயே. பல தடங்களுக்கு அந்தப் புள்ளிக்கோடும் இல்லை.

வண்டி வைத்திருந்தது யார், கால்நடையாக நடந்தது யார் என்று யோசித்தால் மீதி விளங்கும். ஊரின் பாதை அரசு நிலமானது. சேரியின் பாதை அடுத்தவன் நிலமானது. அளந்த அதிகாரிக்குச் சாதி வெறி இருந்ததா என்று தேட வேண்டியதில்லை, அவர் மாட்டுவண்டியின் அகலத்தைத்தான் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

குடியிருந்த இடமே நம்முடையதாக இருக்கவில்லை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அனுப்பிய அறிக்கையில், குடிசை போட்டிருந்த மண்கூட மிராசுதாரர் பிடியில் இருந்ததையும், எதிர்த்தால் வீட்டைவிட்டு வெளியேற்றும் மிரட்டல் இருந்ததையும் விவரித்தார். அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892-இல் பஞ்சமி நில ஆணை வந்தது. நிலத்தைப் பற்றி அதன் பிறகு நிறையப் பேசியிருக்கிறோம், இன்னும் மீட்கப் போராடிக்கொண்டிருக்கிறோம். அந்த நிலத்துக்குப் போகும் வழியைப் பற்றிப் பேசியது குறைவு. பஞ்சமி நிலம் கையில் இருந்தும், நாலு பக்கமும் அடுத்தவர் பட்டா சூழ்ந்ததால் ஏர் ஓட்டிப் போக முடியாமல் விற்றுவிட்டுப் போன குடும்பங்களை நானே சந்தித்திருக்கிறேன்.

நடக்கும் உரிமைக்கான சட்டம் நம்மவர் ஒருவரின் முயற்சியால் வந்தது. 1924 ஆகஸ்ட் 22 அன்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த நகரத்திலும் கிராமத்திலும் உள்ள பொதுச் சாலை, தெரு, நடைபாதை எதிலும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொது இடங்கள் எதையும் சாதி இந்துக்களைப் போலவே பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி, செப்டம்பர் 25 அன்று அரசாணையாக வந்தது. அதே ஆண்டில்தான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கான போராட்டமும் தொடங்கியது. வைக்கத்தில் 1925 நவம்பரில் மூன்று பக்கத் தெருக்கள் திறந்தன, கிழக்கு அப்போதும் திறக்கவில்லை. வைக்கம் நூற்றாண்டுக்கு இரண்டு மாநில அரசுகளும் விழா எடுத்தன, எடுக்கத்தான் வேண்டும். சீனிவாசனின் தீர்மானத்துக்கும் 2024-இல் நூறு வயது. எங்கள் பகுதியில் அதைச் சொல்லி ஒரு நோட்டீஸ்கூட நான் பார்க்கவில்லை.

அந்தத் தீர்மானத்தில் ‘நடைபாதை’யும் இருந்தது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தார்ச்சாலையை மட்டும் அவர் நினைக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ‘பொது’ என்ற சொல் இருக்கிறது. நூறு ஆண்டாகச் சண்டை அந்த ஒரு சொல்லில்தான் நடக்கிறது. அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவிலும் அதே நிலை. அரசு நிதியால் பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்கள் பயன்பாட்டுக்கு விடப்பட்ட சாலை என்றுதான் இருக்கிறது. பொது வழியில் தடுக்கக் கூடாது என்று சட்டம் சொன்னதும், இது பொது வழியே இல்லை என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் சுவர் எழுந்தபோதும் அதைத்தான் சொன்னார்கள். 2008 மே 6 அன்று அந்தச் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டு வழி விடப்படும்வரை, ஏறக்குறைய இருபது ஆண்டு அது நின்றது.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து, பாடையில் கட்டிய உடலைக் கயிறு போட்டுக் கீழே இறக்கினார்கள். ஆற்றங்கரைக்கு இறங்கும் வழி சாதி இந்துக்களின் பட்டா நிலத்தில் இருந்தது, வேலி போட்டிருந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்துத்தான் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. பிறகு அந்த மக்களுக்கு அடக்கம் செய்ய வேறு இடம் ஒதுக்கினார்கள். கவனியுங்கள், இடம் கொடுத்தார்கள். வழியைத் திறக்கச் சொல்வதைவிட வேறு இடம் ஒதுக்குவது அதிகாரிகளுக்கு எப்போதும் சுலபமாக இருக்கிறது. தனிச் சுடுகாடு மறுபடி தனிச் சுடுகாடாகவே நீடிக்கிறது.

எங்கள் வழக்குக்கு வருகிறேன். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், பொது இடத்துக்குப் போகும் வழக்கமான வழியுரிமையை மறுப்பது குற்றம் என்று இருக்கிறது. 2015 திருத்தம் சாலை, வழி என்பதை இன்னும் விரிவாகச் சேர்த்தது. புகார் கொடுக்கலாம் என்று போனால் வேலி போட்டவர் தரப்பு சொல்கிறது: “நான் யார் வந்தாலும் விடமாட்டேன். இதில் சாதி எங்கே வந்தது?” உண்மைதான், கம்பி யாரையும் சாதி பார்த்துத் தடுப்பதில்லை. அந்தத் தடத்தில் வேறு யாரும் நடப்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால் வழக்கறிஞர் உரிமையியல் வழக்காகவும் போடலாம் என்றார். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. ஒரு வழியை இருபது ஆண்டுகள் தொடர்ந்து, அமைதியாக, வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தியிருந்தால் அது வழியுரிமை ஆகிவிடும். இருபது என்ன, எண்பது ஆண்டுக்கு எங்களிடம் சாட்சி இருக்கிறது என்று உற்சாகமாகச் சொன்னேன். அவர் ‘உரிமையோடு’ என்ற சொல்லைத் தொட்டுக் காட்டினார். நிலக்காரரின் அனுமதியோடு நடந்திருந்தால் எத்தனை ஆண்டு நடந்தாலும் உரிமை ஆகாது. “பாவம்னு விட்டோம், கேட்டாங்க, போகச் சொன்னோம்” என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டால் நம் வழக்கு பலவீனமாகிவிடும்.

இதை நான் இரண்டு நாள் யோசித்துக்கொண்டே இருந்தேன். சட்டம் நம்மைப் பார்த்து, நீ தலைநிமிர்ந்து நடந்தாயா என்று கேட்கிறது. தலைநிமிர்ந்து நடந்திருந்தால் அந்தக் காலத்தில் காலை முறித்திருப்பார்கள். “ஆண்டே, அப்படியே ஓரமா போய்க்கிறேன்” என்று துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததால்தான் உயிரோடு இருந்தோம். அந்தப் பணிவைச் சாதி கட்டாயப்படுத்தி வாங்கியது. இன்று அதே பணிவு, அனுமதி என்ற பெயரில் நமக்கு எதிரான சாட்சியம். மோஃபட் கண்ட இசைவும் இந்த அனுமதியும் ஒரே மண்ணில் எடுத்தவை. கைகட்டி நின்றவரைப் பார்த்து அவர் மனதார ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொள்வது.

சாட்சிகளைத் தயார்செய்யும் வேலை என்னுடையது. தயார்செய்வது என்றால் பொய் சொல்லச் சொல்வதல்ல, கேட்டால் என்ன சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது. முதலில் ஒரு பெரியவரிடம் கேட்டேன். “கேட்டுக்கினுதாம்பா போவோம், கேக்காம எப்படிப் போறது?” என்றார். எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அவரிடம் அப்படிச் சொல்லாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அது அவருடைய வாழ்க்கை. அவர் பெயரைப் பட்டியலில் கேள்விக்குறியோடு எழுதிவைத்தேன்.

அடுத்த வீட்டில் ஓர் ஆயா. எண்பதுக்கு மேல் இருக்கும். அவர் வீட்டுக்காரர் இருபது ஆண்டுக்கு மேல் சாவுச் சேதி சொல்லப் போனவர், இப்போது இல்லை. வழக்கறிஞரும் அன்று கூட வந்திருந்தார். நான் அதே கேள்வியைக் கேட்டேன்.

“ஆயா, அந்த வழியில போவணும்னா நிலத்துக்காரங்களக் கேட்டுட்டுப் போவீங்களா?”

ஆயா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“எதுக்குக் கண்ணு கேக்கணும்? அவுங்க அப்பன் செத்தப்ப நட்டநடு ராத்திரில வந்து கதவத் தட்டி, இந்த வழியா ஓடுடா, சீக்கிரம் போவலாம்னு சொன்னதே அவுங்கதான். ஓடையில இடுப்பளவு தண்ணி. லாந்தரு வேற கிடையாது. அன்னிக்கு யாரு யாரக் கேட்டாங்க?”

வழக்கறிஞர் எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டார். வருஷம் ஆயாவுக்குத் தெரியவில்லை. மூத்த பையன் கைக்குழந்தை, ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடின ஐப்பசி என்றார். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். மூத்த பையனின் பள்ளிச் சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்துப் பார்க்க வேண்டும்.